கருகாத வெட்டு
கண்ணாடியைக் கழற்றிய கதை – 5

இந்தத் தொடரில் எவரெஸ்ட் சரிவில் ஒரு மனிதரை விட்டுவிட்டு வந்திருந்தோம். 1996 மே 10, விடிவதற்கு முந்தைய இருட்டு. சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கிட்டப்பார்வையைப் போக்கிக்கொள்ளக் கருவிழியில் கத்தியால் ஆரக்கோடுகள் போட்டுக்கொண்டவர் அவர். உயரம் ஏற ஏறக் காற்றில் ஆக்சிஜன் குறைந்தது. கோடுகள் விழுந்த கருவிழி வீங்கி, வடிவம் மாறிவிட்டது.

அந்தக் கோடுகளின் கதையைத்தான் நான்கு வாரமாகப் பார்த்தோம். டோக்கியோவில் சுதோமு சாடோ கருவிழியின் உட்புறத்திலிருந்து வெட்டினார். பத்து, இருபது வருடம் கழித்து அந்தக் கண்கள் பனிபடர்ந்தன. பொகோடாவில் ஹோசே பார்ராக்கர் கருவிழியின் முன்பக்கத்தைத் தட்டுபோல அறுத்தெடுத்து, உறையவைத்து, கடைந்து, திரும்பவும் தைத்தார். மாஸ்கோவில் ஃபியோதரவ் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வெளிப்பக்கம் கீறினார்.

மாஸ்கோ முறை அமெரிக்காவுக்குப் போனதும் அரசு ஆதரவுடன் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1994-ல் அதன் பத்தாண்டு முடிவு வெளியானது. வெட்டப்பட்ட கண்களில் 43 சதவீதம், அறுவைக்குப் பிறகும் மெல்ல மெல்ல நகர்ந்து, ஒரு பவர் அளவுக்கோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் சாய்ந்திருந்தன. ஆறிவிட்டதாக நினைத்த கண் பத்து வருடமும் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது.

கத்தியால் முடியாததை வேறு எதனால் செய்வது? இந்த வாரம் அதற்கான முதல் விடை. அது பிறந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை. கண்டவர் கண் டாக்டரும் இல்லை.

சூடு என்ற எதிரி

1960-ல் முதல் லேசர் ஒளிர்ந்தது. சில ஆண்டுகளிலேயே கண் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக் குழாய் கசிந்தால், லேசரால் சுட்டு அடைக்கலாம். விழித்திரை கிழிந்தால் ஓரத்தைச் சுட்டு ஒட்டலாம்.

விழித்திரையில் அந்தச் சூடுதான் மருந்து. சின்னச் சின்னத் தழும்புகளை வேண்டுமென்றே உண்டாக்குவதுதான் சிகிச்சை.

அதையே கருவிழியில் செய்தால்? தழும்பு விழும். அந்த இடம் வெளுக்கும். ஒளி நுழையும் வாசலே அடைந்துபோகும்.

ஏன் வெளுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பம்மலைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

பல்லாவரம், பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் ஷாப்பைப் பற்றித் தெரியாத பழைய குடும்பம் குறைவு. அங்கே வேலை பார்த்த பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் சரியாகப் பக்குவப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம் என்பார். சுருங்காமல் இருந்தால் பக்குவம் வந்துவிட்டது. பதப்படாத பச்சைத் தோல் கொதிநிலை வரைக்கும் தாங்காது. 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும்.

சுருள்வது கொலாஜன் என்ற புரதம். தண்ணீர் போக, கருவிழியும் பெரும்பாலும் அதே கொலாஜனால் ஆனது. தோலில் அந்த இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. கருவிழியில் எல்லா இழையும் ஒரே பருமன், ஒரே இடைவெளி, அடுக்கடுக்காக நேர்வரிசை. ஒளி தங்குதடையில்லாமல் உள்ளே போவது அந்த ஒழுங்கினால்தான். சூடுபட்டு இழை சுருங்கினால் ஒழுங்கு குலையும். ஒழுங்கு குலைந்தால் தெளிவு போகும்.

மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கியதுபோன்ற கொலாஜனின் உள்வடிவத்தை 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்து இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கிண்டியிலிருந்து ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பல்லாவரம். தோல் பதனிடும் ஊர்களுக்கு இவ்வளவு அருகில் தோலின் ஆதாரப் பொருளுக்கு வடிவம் கண்டார்கள் என்பது தற்செயல்தான். ஆனாலும் நம் பள்ளிப் பாடத்தில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இன்னொரு தற்செயல். ராமச்சந்திரன் அங்கே பேராசிரியராக வருவதற்குச் சற்று முன்னால், 1950-ல், அதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓர் இளைஞர் வெளியேறியிருந்தார். கொலாஜனைக் கருக்காமல் வெட்டும் வழியைக் காணப்போகிறவர் அவர்தான்.

பிளாஸ்டிக்கைப் பொறித்தவர்

ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் பி.எஸ்ஸி., 1950-ல் எம்.எஸ்ஸி. பிறகு அமெரிக்கா. 1956-ல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1961 முதல் நியூயார்க் நகருக்கு வடக்கே, யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை.

ஒளி பட்டால் ஒரு மூலக்கூறுக்கு என்ன ஆகும் என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி. கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் அந்தக் கேள்வி தேவைப்பட்டது. நுண்மின்சுற்றுகளைச் செய்யப் பிளாஸ்டிக் படலங்களில் மிக மெல்லிய வடிவங்களைப் பொறித்தாக வேண்டும்.

1981 வாக்கில் அந்தக் கூடத்தில் எக்சைமர் லேசர் வேலைக்கு வந்தது. ஆர்கான், ஃபுளூரின் என்ற இரண்டு வாயுக்களைக் கொண்டு உண்டாக்கும் ஒளி. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அலைநீளம் 193 நானோமீட்டர்.

இந்த ஒளியைத் துடிப்பு துடிப்பாகப் பிளாஸ்டிக்கின் மேல் விட்டதும் ஸ்ரீனிவாசன் குழு கண்டது விநோதமாக இருந்தது. பட்ட இடம் உருகவில்லை. கருகவும் இல்லை. பட்ட அளவுக்கு மட்டும் காணாமல் போயிருந்தது. பக்கத்துப் பரப்பில் எந்த மாற்றமும் இல்லை.

அவரோடு இருந்தவர்கள் இருவர். லேசர் பிரிவைக் கவனித்துவந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் வின், இன்னொருவர் சாமுவேல் ப்ளம். புதிதாக வந்திருக்கும் இந்த ஒளியை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று மூவரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக் இப்படி நடந்துகொள்கிறது. உயிருள்ள திசுவும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனதுதானே. அது எப்படி நடந்துகொள்ளும்?

இந்தக் கேள்வி மற்றவர்களுக்கு ஏன் எளிதில் வரவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். மருத்துவருக்கு லேசர் என்றால் சூடு. பொறியாளருக்குத் திசு என்றால் அடுத்த வீட்டு விவகாரம். இரண்டுக்கும் நடுவில், மூலக்கூறுகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு வேதியியலாளருக்குத்தான் பிளாஸ்டிக்கும் சதையும் ஒரே வரிசையில் தெரிந்திருக்க முடியும்.

1981 நவம்பர் 27

வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் தேங்க்ஸ்கிவிங். அமெரிக்க வீடுகளில் அன்று வான்கோழி விருந்து. ஸ்ரீனிவாசன் வீட்டிலும் வான்கோழி மிஞ்சியிருந்தது.

மிச்சத்தை அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வான்கோழியின் குருத்தெலும்பை லேசரின் பாதையில் வைத்தார். 193 நானோமீட்டர் ஒளித் துடிப்புகள் அதன்மேல் விழுந்தன.

தண்ணீர் போக, குருத்தெலும்பின் பெரும்பகுதியும் கொலாஜன்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறித்த தடம் விளிம்பு பிசகாமல் நேராக இருந்தது. ஓரத்தில் கருகல் இல்லை. சுருக்கம் இல்லை.

ஒரு தடவை பார்த்ததை வைத்துக் கொண்டாடிவிடவில்லை அவர்கள். வழக்கமான பச்சை லேசரையும் புற ஊதா லேசரையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தி ஒப்பிட்டார்கள். பச்சை ஒளி போன தடத்தைச் சுற்றித் திசு வெந்து சிதைந்திருந்தது. எக்சைமர் போன தடம் சுத்தமாக இருந்தது.

பிறகு ஒரு தலைமுடியை எடுத்து, அதன் உடம்பில் வரிசையாகக் காடி வெட்டிப் படம் எடுத்தார்கள். முடி அறுந்துபோகவில்லை, பொசுங்கவில்லை, கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருந்தது. பின்னாளில் உலகமெங்கும் சுற்றிய படம் அது. எத்தனை பக்கக் கட்டுரையும் செய்ய முடியாததை அந்தப் படம் செய்தது. கண் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏன் கருகவில்லை?

இந்த ஒளியின் ஒவ்வொரு துகளிலும் 6.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. கொலாஜனில் கார்பனையும் கார்பனையும் பிணைத்து வைத்திருக்கும் கட்டை அறுக்க அதில் பாதிக்குச் சற்று அதிகம் இருந்தாலே போதும். அதனால் ஒளி பட்ட மாத்திரத்தில் பிணைப்புகள் நேரடியாக அறுபடுகின்றன. சூடேற்றி, உருக்கி, ஆவியாக்கி என்ற சுற்றுவழி அங்கே முக்கியமில்லை.

அடுத்தது ஆழம். 193 நானோமீட்டர் ஒளியைத் திசு மிக வேகமாக உறிஞ்சிவிடுகிறது. ஒரு மைக்ரானின் சிறு பங்கைத் தாண்டி உள்ளே போகாது. கீழடுக்குக்கு வேலையே தெரியாது.

மூன்றாவது நேரம். ஒரு துடிப்பு நீடிப்பது பத்து, இருபது நானோ நொடி. உடைந்த துணுக்குகள் வேகமாக வெளியே பறக்கும்போது, உண்டான சூட்டில் பெரும்பங்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பக்கத்து இழைகள் அந்த 60 டிகிரியை எட்டுவதற்கு அவகாசமே இல்லை.

தோல் ஷாப்பில் குரோம் உப்பு போட்டுக் கொலாஜனைச் சூடு தாங்க வைத்தார்கள். ஸ்ரீனிவாசன் குழு சூடே கொலாஜனிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டது.

புற ஊதா என்றாலே புற்றுநோய் வருமோ என்ற அச்சம் அப்போதே எழுந்தது. நியாயமான அச்சம். பல ஆண்டுகள் சோதித்தார்கள். 193 நானோமீட்டர் ஒளியை உயிரணுவின் வெளிப்பகுதிப் புரதங்களே விழுங்கிவிடுவதால், மரபணு இருக்கும் உட்கரு வரை அது பெரிதாகப் போய்ச் சேருவதில்லை என்று தெரியவந்தது.

கோடா, பரப்பா?

1983-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோக்கெல் யார்க்டவுன் ஹைட்ஸுக்கு வந்தார். மாட்டுக் கண்களில் ஸ்ரீனிவாசனுடன் சேர்ந்து சோதனை செய்தார். அந்த வருடம் டிசம்பரிலேயே அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

திருப்புமுனை அந்தக் கட்டுரையோடு முடியவில்லை என்பது என் எண்ணம். அப்போது பலர் மனதிலும் ஓடியது மாஸ்கோ ஆரக்கோடுதான். வைரக் கத்தி இருந்த இடத்தில் லேசர். அதே கீறல், இன்னும் சுத்தமாக. அந்த வழியிலேயே போயிருந்தால் கோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கருவிழியின் பலம் குறைந்துதான் இருக்கும். பத்து வருடம் கழித்து அதே நகர்வுதான் வந்திருக்கும்.

யோசனை மெல்ல வேறு பக்கம் திரும்பியது. எதற்காக ஆழமாகக் கோடு போடவேண்டும்? கருவிழியின் நடுப்பரப்பையே சற்றுச் செதுக்கி வளைவை மாற்றினால் என்ன?

கண்ணின் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வளைவிலிருந்து வருகிறது. கிட்டப்பார்வைக் கண்ணில் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. வளைவை நடுவில் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியம் பின்னால் தள்ளிப்போகும்.

எவ்வளவு செதுக்கவேண்டும்? சார்லஸ் மன்னர்லின் என்ற பொறியாளர் 1988-ல் கணக்கை எழுதி வைத்தார். செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் வருவது ஆழம், மைக்ரானில். ஆறு மில்லிமீட்டர் வட்டம் என்றால் ஒரு பவருக்கு 12 மைக்ரான். மைனஸ் 5 பவருக்கு 60 மைக்ரான். ஒரு துடிப்பு கால் மைக்ரான் அளவு எடுக்கிறது என்று வைத்தால் சுமார் 240 துடிப்பு. வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்குக்கு இன்றும் வேலை இருக்கிறது. சங்கரா கண் மருத்துவமனை இருக்கும் பம்மலிலும் சரி, பக்கத்து அனகாபுத்தூர், பொழிச்சலூரிலும் சரி, சோடாபுட்டிக் கண்ணாடியோடு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கல்யாணப் பேச்சு எடுப்பதற்குள் லேசர் பண்ணிவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கேயாவது பரிசோதனைக்குப் போனால், "உங்க கார்னியா மெலிசு, லேசர் வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. போனவர் மனம் உடைந்து வருவார்.

டாக்டர் மறுத்ததற்குக் காரணம் மன்னர்லின் கணக்கில் இருக்கிறது. கருவிழியின் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். சிலருக்கு 480-தான் இருக்கும். மைனஸ் 10 பவரை எடுக்க 120 மைக்ரான் போகவேண்டும். மிச்சமிருப்பது கண்ணின் உள்ளழுத்தத்தை ஆயுள் முழுக்கத் தாங்கவேண்டும். தாங்காவிட்டால் கருவிழி கூம்பாகப் பிதுங்கும். அப்படித் திருப்பி அனுப்பிய டாக்டர் அந்தக் கண்ணுக்கு நல்லதே செய்திருக்கிறார். அவர்களுக்குக் கண்ணாடி இருக்கிறது, கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது, கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் கூடுதலாக ஒரு லென்ஸ் வைக்கும் முறையும் இருக்கிறது. அந்த லென்ஸின் கதைக்குப் பின்னால் வருவோம்.

எந்த வழியில் போனாலும், நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது கருவிழிக் கோளாறு இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. இருபத்தைந்தில் லேசர் செய்துகொண்டவரும் நாற்பத்தைந்தில் பேப்பர் படிக்கக் கண்ணாடியைத் தேடலாம்.

முதல் கண்

கணக்கு தயார். கருவி தயார். யாருடைய கண்ணில் செய்வது?

பெர்லினில் தியோ சைலர் 1980-களின் நடுவில் எக்சைமரை மனிதக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். பார்வை இழந்த கண்களிலும் செய்து பார்த்தார். ஆனால் பார்க்கக்கூடிய கண் ஒன்றில் செய்தால்தான், செதுக்கிய பின் அது தெளிவாக இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியும். அதை எப்படிக் கேட்பது? பார்வை உள்ள ஒருவரிடம் போய், உன் கண்ணைத் தா, சோதித்துப் பார்க்கிறேன் என்று எந்த மருத்துவரால் சொல்லமுடியும்?

1988. நியூ ஆர்லியன்ஸ் நகரம். மார்கரிட் மெக்டொனால்ட் என்ற கண் மருத்துவரிடம் ஒரு பெண்மணி வந்தார். கண்ணைச் சுற்றிய பகுதியில் புற்றுநோய். கண்ணையே எடுத்தாகவேண்டிய நிலை. ஆனால் கண் மட்டும் நன்றாக இருந்தது, அதில் பார்வையும் இருந்தது.

எப்படியும் போகப்போகிற கண், போவதற்கு முன் யாருக்காவது உதவட்டுமே என்று அவர் முன்வந்தார். மெக்டொனால்ட் எக்சைமர் லேசரால் அதன் கருவிழியைச் செதுக்கினார். அகற்றுவதற்கு முன்பிருந்த நாட்களில் அது எப்படி ஆறுகிறது என்று கவனித்தார். கருவிழி தெளிவாகவே ஆறியது.

அதன் பிறகுதான் மற்றவர்களுடைய கண்களுக்கு வழி திறந்தது. உலகில் லேசர் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிய ஒவ்வொருவரும் அந்தப் பெண்மணிக்குக் கடன்பட்டவர்கள். இந்தத் தொடரில் அவருக்கு ஒரு தனி வணக்கம் வைக்காமல் போக எனக்கு மனமில்லை.

அதே 1988 நவம்பரில் ஸ்ரீனிவாசன், வின், ப்ளம் மூவருக்கும் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1995 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்த மேற்பரப்புச் செதுக்கலுக்கு, பி.ஆர்.கே. என்ற முறைக்கு, அனுமதி தந்தது. வான்கோழியிலிருந்து அனுமதி வரைக்கும் பதினான்கு வருடம். வெகு பின்னால், 2013-ல், அந்த மூவருக்கும் அமெரிக்கத் தேசியப் பதக்கம் வழங்கப்பட்டது. சென்னையில் ஸ்ரீனிவாசன் படித்த பல்கலைக்கழகத்து மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மூன்று இரவுகள்

பி.ஆர்.கே. நன்றாகவே வேலை செய்தது. இன்றும் செய்கிறது, குறிப்பாகக் கருவிழி சற்றே மெலிந்து, ஆனால் செதுக்குவதைத் தாங்கக்கூடியவர்களுக்கு. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது.

கருவிழியின் மேல் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. 50 மைக்ரான் அளவுதான். லேசர் வேலை செய்யவேண்டிய இடம் அதற்குக் கீழே. அதனால் மேல்தோலை முதலில் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உடம்பிலேயே உணர்ச்சி நரம்பு மிக அடர்த்தியாக இருக்கும் இடங்களில் ஒன்று அது. மருந்தின் மரமரப்பு விலகியதும் வலி தொடங்கும். புதுத் தோல் மூடும் வரை இரண்டு, மூன்று இரவு தூக்கம் இருக்காது. பார்வை சீராக வாரக்கணக்கில் ஆகும். பவர் அதிகம் எடுத்த சிலருக்கு ஆறும்போது கருவிழியில் மெல்லிய மூட்டம் படியும். மாதக்கணக்கில் சொட்டு மருந்து.

ஒளி தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. தொல்லை எல்லாம் வாசலில், அந்த மேல்தோலில்.

மேல்தோலைச் சுரண்டாமல் உள்ளே போக வழி உண்டா? பொகோடாவில் பார்ராக்கர் அறுத்தெடுத்த தட்டை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அதை முழுவதும் அறுக்காமல், ஒரு பக்கம் கீல் விட்டு, கதவுபோலத் திறந்து, லேசரை உள்ளே பாய்ச்சி, மறுபடி மூடிவிட்டால்?

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், 1990 வாக்கில், ஒரு மருத்துவர் அதைத்தான் செய்யத் துணிந்தார். வேண்டாம் என்று ஒதுக்கிய கத்தி மறுபடியும் கருவிழிக்கு வந்தது. தையல் ஒன்றுகூடப் போடாமல், அந்தக் கதவு மூடியபடியே நிற்கும் என்று அவர் எதை நம்பி இறங்கினார்?

(அடுத்த வாரம்)